ஊவாத் தோட்டங்களிற் புடவை தெரிந்த வரலாறு

ஆள் பாதி ஆடை பாதி என்பர் நம் முன்னோர். ஆயினும் ஊவாவின் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் நம் மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், ஆளைப் பற்றி எழுதியவற்றுள் நூறிலொரு பங்கேனும் ஆடையைப் பற்றி எழுதினாரல்லர். கூலி, கடன், நோய், வாக்குரிமை, குடியுரிமை ஆகியன பற்றிய நூல்கள் பல உள. அம்மக்கள் எதனை உடுத்தனர், அதனைத் தெரிந்தெடுத்தவர் யாவர், எப்பருவத்துக்கு எத்துணியைத் தெரிந்தனர் என்னும் வினாக்கள் அற்பமானவை போலத் தோன்றியமையால் விடுபட்டன. தன் உடலிற் படும் துணியைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை ஒருவனுக்கு எப்பொழுது வாய்த்தது என்று கேட்பது, அவன் தன் விருப்பப்படி ஒரு சதத்தை எப்பொழுது முதன்முதலாகச் செலவிட்டான் என்று கேட்பதற்கு ஒப்பாகும். ஆதலின் இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வது பொருத்தமாகும்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் என் அம்மாயியின் தகரப் பெட்டியைத் திறந்த நாளிலேதான் இவ்வினா என் மனத்தில் எழுந்தது. யான் அப்பொழுது புறநிலைப் பட்டப் பரீட்சைக்கு வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் அடியில் ஓர் ஒட்டுப் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழஞ்சேலைகளை நான்கு மடிப்பாக அடுக்கி, மேற்புறத்திற் பலநிறத் துண்டுகளை இணைத்து, நெருக்கமாக நூலோட்டத் தையல் போட்டு முடித்த கனத்த போர்வை அது. அதனை யான் விரித்தபோது அம்மாயி ஒரு துண்டிலே விரலை வைத்து, "இது ஒங்கம்மா வயித்துல இருந்தப்ப எடுத்த தீவாளிச் சீத்த" என்றார். அதன்பின் வேறொரு துண்டு, வேறோர் ஆண்டு. பரீட்சைக்காக யான் மனனஞ் செய்திருந்த ஆண்டுகள் சிலவற்றை அவர் எழுத்தறியாமலே அப்போர்வையிற் காட்டினார். அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் தெரிவுக்கு இடமே இல்லாதிருந்த காலத்தை நோக்குவோம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் பெரும்பாலும் பருவத் தொழிலாளராக வந்தனர். கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, அது முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த அவர்களின் மூட்டையில் ஊரிற் கட்டிய துணியே இருந்தது. அத்துணி திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களின் வெயிலுக்கு ஏற்றது. மலைக்குளிருக்கு அஃது உதவவில்லை. அக்குறையை நிரப்பவே தோட்டங்கள் கம்பளி வழங்கின.

கம்பளி என்றவுடன் இற்றைக்கால வண்ணக் கம்பளியை நினைத்தல் தவறு. தென்னாட்டிற் குறும்பர் முதலிய ஆட்டிடையர் தம் ஆட்டுமயிரைத் தாமே நூற்று நெய்த முரட்டுக் கம்பளி அது. ஆட்டின் நிறமே அதன் நிறம். கறுப்பு, அல்லது கறுப்பும் பழுப்பும் கலந்தது. அதனைத் தலைமேற் கொங்காணியாக மடித்துப் போட்டால் மழைக்கு ஓரளவு குடையாகும். தோளிற் போட்டாற் சட்டையாகும். இரவிற் பாயும் போர்வையும் அதுவேயாகும். மயிரிலுள்ள இயற்கை நெய்ப்பசையால் மழைத்துளி உடனே உட்புகாது வழிந்தோடும். இவ்வளவில் அது நல்ல துணியே. ஆனால் அது தோட்டத்தின் நன்கொடையன்று. அரிசியின் விலையைப் போலவே கம்பளியின் விலையும் தொழிலாளியின் கணக்கிற் பற்றாக எழுதப்பட்டது. அக்கடனோடு வழிச்செலவுக் கடனும் கங்காணியிடம் பெற்ற கடனும் சேர்ந்து துண்டுச் சீட்டில் ஏறின. துண்டிற் குறித்த தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கே அவன் போகலாம். துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. தான் தெரியாத நிறத்தில், தான் பேசாத விலையில் ஒரு துணியைப் பெற்று, அதற்காகத் தானே கடன்பட்டவன் தோட்டத் தொழிலாளி. ஆவணங்களிற் காணப்படும் துணி பெரும்பாலும் இதுவே. துரைமாரின் கணக்குகளிற் கம்பளி உண்டு. ஏனைய துணி இல்லை. ஏனையது அவர்கள் கடனாகக் கொடுக்காத துணி.

இலைநோய் 1869 இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது என்பதை மாணவர் அறிவர். அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. ஊவா தனி மாகாணமானது 1886 இல். தம்பேதன்னைத் தோட்டத்தைத் தொமஸ் லிப்டன் வாங்கியது 1890 இல். புகைவண்டி அப்புத்தளையை அடைந்தது 1893 இல், பண்டாரவளையை அடைந்தது 1894 இல். இவற்றை நம் நூல்கள் எழுதும். ஆனால் துணியின் வரலாற்றுக்கு இம்மாற்றம் எத்துணை முக்கியமானது என்பதை அவை எழுதா. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆதலாற் பருவந்தோறும் ஊர் திரும்பிய மக்கள் லயங்களிற் குடும்பமாகத் தங்கினர். ஊரிற் கொண்டாடிய பொங்கலும் மாரியம்மன் விழாவும் காமன் கூத்தும் தீபாவளியும் அவர்களோடு மலையேறின. பண்டிகை மலைக்கு வந்தாற் பண்டிகைத் துணியும் மலையிலேயே கிடைக்க வேண்டும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை ஆகிய கடைவீதிகளிற் புடவைக் கடைகள் நிலைபெற்றதற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்பது என் துணிபு. 1924 ஆம் ஆண்டிற் புகைவண்டி பதுளைக்கு வந்தபின், கொழும்பிலிருந்து துணிப் பொதிகள் நேரே நகருக்கு வந்து இறங்கின.

காசு எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்கவேண்டும். 1927 ஆம் ஆண்டின் ஆகக்குறைந்த கூலிச் சட்டத்தின்படி 1929 இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற நிலை 1984 வரை வரவில்லை. பெண்ணே பெரும்பாலும் கொழுந்து பறிப்பவள். பெண்ணே வீட்டில் ஊசி பிடிப்பவள். துணி தெரிவதற்குரிய கண் அவளுடையது. ஆயினும் அவளது சம்பளம் கணவன் அல்லது தந்தை கையிற் கொடுக்கப்பட்ட வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. எனவே தீபாவளி முற்பணம் என்னும் ஏற்பாடு பெண்களின் வாழ்வில் தனியிடம் பெற்றது. பண்டிகைக்கு முன் தோட்டம் ஒரு தொகையை முற்பணமாகக் கொடுத்துப் பின்வரும் மாதங்களிற் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளும். அதுவும் கடனே, கம்பளிக் கடனுக்கு அது சகோதரம் என்று கூறுவோரும் உளர். யான் அவ்வாறு முற்றாகக் கூறேன். கம்பளிக் கடனிற் பொருள் வந்தது. இக்கடனிற் காசு வந்தது. காசு வந்தமையாற் கடைக்குப் போகலாம். கடைக்குப் போனால் ஒன்றை வேண்டாம் என்று சொல்லலாம். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பிலிருந்துதான் தெரிவு தொடங்குகிறது.

கடைக்குப் போக இயலாதோரிடம் பொட்டணி வியாபாரி வந்தான். பெரும்பாலும் முஸ்லிம் வணிகராகிய இவர்கள் துணி மூட்டையைத் தோளிற் சுமந்து லயம் லயமாக ஏறியிறங்கி, வாசலில் விரித்து, தவணைக்குக் கொடுத்தனர். பெண்கள் கூடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மன்றமாக அவ்வாசல் விளங்கியது. நகர்ப் புடவைக் கடையின் உயர்ந்த பலகைக்கு முன்னே வாய் திறக்கக் கூசிய பெண்ணும், தன் வாசலிலே துணியை இழுத்துப் பார்த்துக் குறை சொன்னாள்.

அவர்கள் எவ்வாறு தெரிந்தனர்? இதனை எந்நூலும் எழுதாமையால் முதியோரிடம் கேட்டறிந்ததையே எழுதுகின்றேன். துணியின் ஒரு மூலையை இரு விரல்களுக்கிடையே வைத்துக் கசக்குவர். மாப்போல வெண்பொடி உதிர்ந்தால் கஞ்சியாற் கனத்த துணி அது. முதற் சலவையில் வலை போலாகும். பின்னர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழைகளின் நெருக்கத்தைப் பார்ப்பர். ஈர விரலாற் சாயத்தைத் தேய்த்து வெள்ளைத் தலைப்பில் ஒற்றுவர். அடுத்தது பூவின் அளவு. சீத்தைத் துணியில் (தமிழகத்தார் சீட்டி என்பதனை நம் நாட்டிற் சீத்தை என்போம்) பெரிய பூவுள்ளது கண்ணைப் பறிக்கும். ஆயினும் அனுபவமுள்ள தாய் அதனைத் தொடமாட்டாள். பெரிய பூவைத் தையலிற் பொருத்துவதற்குத் துணி கூடுதலாக வேண்டும். பொருத்தாது விட்டாற் சட்டை கோணலாகத் தோன்றும். சிறு பூவாயின் எங்கு வெட்டினும் பொருந்தும். கிழிந்தபின் ஒட்டுப் போட்டாலும் ஒட்டுத் தெரியாது. தரையின் நிறம் கருநீலமாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ அரக்காகவோ இருந்தாற் கொழுந்துக் கறையும் செம்மண்ணும் மறையும். தனிக் கறுப்பைப் பண்டிகைக்குத் தொடமாட்டார். இவற்றையெல்லாம் எண்ணி ஒரே சுருளில் ஏழெட்டு யார் வெட்டுவித்து, பிள்ளைகள் யாவர்க்கும் ஒரே துணியிற் சட்டையும் பாவாடையும் தைப்பிப்பர். மூத்தவளுக்குக் குறுகியது இளையவளுக்குப் போகும்போதும் நிறம் மாறாது. கிழிந்த ஒன்றுக்கு மற்றொன்று ஒட்டுத்துணியாகும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் யாவரும் ஒரே பூச்சட்டை அணிந்து நிற்கும் பழைய நிழற்படங்களைப் பார்த்து நகைப்போர் இந்தக் கணக்கை அறியார்.

தைப்பித்தல் என்றேன். சிங்கர் தையற்பொறி 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. அதன் பின்னர் நெடுநாள் சென்றே அது லயத்துக்குள் வந்தது. அதுவரை புடவைக் கடை விறாந்தையில் அமர்ந்த தையற்காரரே தீபாவளியின் அரசர். நம் இலக்கியத்துக்குத் தையற்காரர் புதியவரல்லர். சிலப்பதிகாரம் இந்திர விழவூரிற் துன்னகாரரையும் நிறுத்துகின்றது. ஆனாற் பசறைத் துன்னகாரரிடம் பண்டிகைக்கு முதல்நாட் சட்டை வாங்கச் சென்று, இன்னும் வெட்டாத துணியைக் கண்டு அழாத பிள்ளை இல்லை. கால் அளவிலும் மார்பளவிலும் மூன்று விரல் உள்மடிப்பு விடும்படி தாய்மார் கட்டாயப்படுத்துவர். அடுத்த ஆண்டு மடிப்பை அவிழ்த்துவிட்டால், வெயிற் படாத அவ்விடம் மட்டும் புதுநிறமாக ஒரு கோடு போல விளங்கும். பிள்ளை எத்தனை ஆண்டு அச்சட்டையை அணிந்தது என்பதை அக்கோடுகளை எண்ணிச் சொல்லலாம்.

பருவத்துக்கேற்ற தெரிவு என்பது ஊவாவில் வேறிடங்களைக் காட்டிலும் சிக்கலானது. மேற்குச் சரிவுத் தோட்டங்கள் தென்மேற் பருவமழையில் நனையும் ஆடி ஆவணியில் ஊவாவிலே வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த மணம் அவ்வறட்சியிலேதான் பிறக்கின்றது. மழையோ ஐப்பசியிற் தொடங்கித் தை வரை நிற்கும். தீபாவளி வருவது அம்மழையின் வாயிலில். எனவே ஊவாவிற் தீபாவளித் துணி தெரிவோர், பண்டிகைநாளின் அழகையும் அதன்பின் வரும் மூன்று மாதக் குளிரையும் ஒருங்கே எண்ண வேண்டும். மெல்லிய வாயில் சேலை அழகியது. மழையில் உடலோடு ஒட்டும். தடித்த துணி குளிரைத் தாங்கும். நனைந்தால் அடுப்படிக் கொடியில் மூன்று நாளாயினும் உலராது, புகைநாறும். இரண்டிற்கும் இடைப்பட்ட நெசவைத் தேடிக் கடை கடையாக ஏறுவோரை வீண்பொழுது போக்குவோர் என்று துணிக்கடைக்காரர் குறைகூறுவதுண்டு.

வறட்சிப் பருவத்தின் துணி மஞ்சள். கதிர்காம யாத்திரையும் மாரியம்மன் திருவிழாவும் மஞ்சளை வேண்டுவன. பெரும்பாலும் கடையில் வாங்கப்படாது, வெண்டுணியை மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்து வீட்டிலேயே ஆக்கப்படுவது. மஞ்சட்சாயம் வெயிலில் வெளுக்கும்; சவர்க்காரம் பட்டாற் செம்மை பாயும். ஆதலின் அது ஓராண்டுத் துணி. மாசியிற் காமன் கூத்துக்கோ புதுத்துணி எடுப்பதில்லை. இரதி வேடம் புனையும் ஆடவனுக்காக லயத்துப் பெண்கள் தம் கூறைச் சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பர். கறையின்றித் திரும்புமோ என்று அந்த இரவு முழுவதும் கூத்தைக் காட்டிலும் சேலையையே பார்த்திருப்பர்.

ஐப்பசியிற் துணி தெரிவோர் நாம் மட்டுமல்லர். பதுளை முதியங்கணை விகாரையிலும் சூழவுள்ள விகாரைகளிலும் அதே காலத்திற் கடின சீவர பூசை நிகழ்கின்றது. மழைக்கால வாசம் முடித்த துறவிக்கு அளிக்கப்படும் அச்சீவரம், ஒரே நாளில் வெட்டி, தைத்து, சாயந் தோய்த்து முடிக்கப்பட வேண்டும் என்பது விதி. முழுத்துணியை வேண்டுமென்றே துண்டுகளாக வெட்டி மீண்டும் இணைக்கின்றனர். மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைக் காட்டி அவ்வாறே தைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் கூறினார் என விநய நூல் உரைக்கின்றது. ஒரே நகரின் ஒரு பக்கத்தில் ஏழ்மையால் ஒட்டிய துணியும், மறுபக்கத்தில் துறவின் பொருட்டு ஒட்டிய துணியும் ஒரே மாதத்தில் ஊசி காண்பது எண்ணத்தக்கது.

இனி, யாரும் தெரியாத துணி ஒன்று உண்டு, அது சாக்கு. கொழுந்து பறிப்போர் இடையிற் கட்டும் படங்கு முதலிற் சாக்கே. தேயிலைச் செடியின் கவ்வாத்துச் செய்த குச்சிகள் சேலையைக் கிழிக்கும். பனிநீர் தொடைவரை நனைக்கும். அதற்கு அரிசி வந்த சணற்சாக்கை விரித்துக் கட்டினர். கம்பளி அரிதானபோது கொங்காணியும் சாக்காயிற்று. பின்னர் இறப்பரும் பிளாத்திக்கும் வந்தன. கோதுமை மாவு வந்த வெண்பருத்திப் பையோ சாக்கினும் மேலான பேறு. தலையணை உறை, உட்பாவாடை, பள்ளிப்பை எல்லாம் அதிலிருந்து பிறந்தன. எத்தனை முறை வெளுத்தும் அதன் எழுத்துக்கள் போகமாட்டா. இதே துன்பம் அமெரிக்க நாட்டுக் குடியானவப் பெண்களுக்கும் இருந்தது. 1930களின் பஞ்சக் காலத்தில் அவர்கள் மாவுப் பையிற் சட்டை தைப்பதை அறிந்த ஆலைக்காரர், பைகளிலேயே பூவும் கட்டமும் அச்சிட்டனர். கழுவினாற் போகும் மையில் வணிகப் பெயரைப் பதித்தனர். அதன்பின் அப்பெண்கள் மாவின் தரத்தை நோக்காது பையின் பூவை நோக்கி வாங்கினர் என்பர். நம்மவர்க்கு வந்த பையில் அப்பூ இல்லை. ஏனெனில் அவர்கள் அதனை வாங்குவோராக எவர் கண்ணிலும் படவில்லை.

இனிப் போர்வைக்கு வருவோம். பழந்துணியை அடுக்கித் தைப்பது நம் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. கந்தை என்னும் சொல்லும் வங்காளத்துக் காந்தா என்னும் சொல்லும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. வங்கப் பெண்கள் பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அவற்றைத் தைத்துப் பூவேலை செய்தனர். அது கலையாக மதிக்கப்பட்டது. நம் நிலைக்கு மிக அண்மையது அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள கீஸ் பெண்ட் என்னும் ஊர். பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைச் சட்டைகளிலிருந்து குளிருக்குத் தைத்த போர்வைகள் 2002 ஆம் ஆண்டில் ஹூஸ்ரன், நியூயோர்க் நகரங்களின் கலைக்கூடங்களிற் தொங்கவிடப்பட்டன. எம் அம்மாயிமாரின் போர்வைகளை எவரும் எங்கும் தொங்கவிட்டதில்லை. அதிலும் கொடியது ஒன்று: இறந்தவரின் படுக்கையையும் உடுதுணியையும் அப்புறப்படுத்துவது எம்மவர் வழக்கம். ஆகவே ஒவ்வொரு மரணத்தோடும் ஓர் ஏடு போய்விடுகின்றது.

என் அம்மாயி கைகாட்டிய துண்டுகளுட் பதினொன்றை யான் அன்றே ஒரு பயிற்சிப் புத்தகத்திற் குறித்துக்கொண்டேன். அவற்றுட் சில வருமாறு. கருநீலத் தரையில் வெண்புள்ளி: அவர் மணமான பின் வந்த முதற்றீபாவளி. அரக்குக் கட்டம்: என் தாய் பிறந்த ஆண்டு. பச்சையிற் சிறு மாங்காய் பதித்த பருத்திச் சேலைத் துண்டு: அவர்தம் தங்கையுடையது. 1964 ஒக்டோபர் 30 ஆந் தேதி இலங்கை இந்தியத் தலைவர்கள் செய்த உடன்படிக்கையின்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர் என்று நாம் வகுப்பிற் படிப்பிக்கின்றோம். எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 வரை தொங்கியது. அத்தங்கை இந்தியாவின் பங்கில் விழுந்தாள். பதுளை நிலையத்திற் கோச்சி ஏறிய காலை தன் சேலையை அக்காளிடம் கொடுத்து, அக்காளின் சேலையைத் தான் உடுத்திச் சென்றாளாம். "அவ சேலைய நான் கட்டவே இல்ல. கட்டுனா கிழியும்ல? அதான் இதுல வச்சுத் தச்சிட்டேன்" என்றார் அம்மாயி. அத்துண்டைச் சுற்றி மட்டும் தையல் இருமடங்கு நெருக்கமாக இருந்தது.

அதற்கடுத்த வரிசை முழுவதும் ஒரே பழுப்பு நிறச் சீத்தை. எழுபதுகளின் முற்பாதியில் இறக்குமதி முடக்கப்பட்டிருந்தது. கூட்டுறவுச் சங்கக் கடையில் வந்த ஒரே துணியை லயம் முழுவதும் உடுத்த காலம் அது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திற் தோட்டங்களில் மக்கள் பசியால் இறந்த காலமும் அதுவே. தெரிவு மீண்டும் இல்லாதொழிந்ததை அவ்வொரே நிறம் எடுத்துரைக்கின்றது. 1977 இன் பின்னர் வந்த வண்ணங்களோ போர்வையிற் காணப்படவில்லை. யான் முதலில் இதனை வறுமையின் தொடர்ச்சி என்றே கொண்டேன். அம்மாயி நகைத்தார். அப்பொழுது வந்தவை நைலெக்ஸ் சேலைகள். அவை ஊசியில் வழுக்கும், வியர்வை உறிஞ்சா, பருத்தியோடு ஒட்டிப் படியா. ஆதலால் அவை போர்வைக்கு ஆகா, திரைக்கும் கொடிக்கயிற்றுக்குமே ஆகும் என்றார். போர்வையை மட்டும் நம்பி வரலாறு எழுதியிருந்தால் யான் பெரும்பிழை செய்திருப்பேன். கல்வெட்டுக்குச் சிதைவு போலத் துணிக்கும் அதற்குரிய குறைபாடு உண்டு.

அக்குறையை நிரப்பத்தக்கவை புடவைக் கடைக் கணக்கேடுகள். எவ்வாண்டில் எத்தோட்டத்தார் எத்தனை யார், எவ்வகை வாங்கினர் என்று அவை கூறியிருக்கும். ஆனால் 1983 யூலை 27 ஆந் தேதி பதுளை நகரிற் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன; தீ அலியெலை, பண்டாரவளை, வெலிமடை என்று பரவியது. கடையோடு எரிந்த ஏடுகளை எவரும் இழப்புப் பட்டியலிற் சேர்த்திரார். 1890 இற் தொடங்கப்பட்ட பிளேட் நிறுவனம் முதலியோர் எடுத்த பழைய நிழற்படங்களிற் கொழுந்துப் பெண்கள் பலர் உளர்; அவை கறுப்பு வெள்ளைப் படங்களாதலின், துரையின் விருப்பப்படி நிறுத்தப்பட்ட அப்பெண்கள் தம் விருப்பப்படி தெரிந்த நிறம் அவற்றில் இல்லை. எனவேதான் பெட்டியடியில் எஞ்சிய போர்வைகளை யான் பெரிதாகக் கருதுகின்றேன்.

1978 இற் கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம் திறக்கப்பட்டது. 1992 இற் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அத்தொழிலை நாட்டின் உட்பகுதிகளுக்கும் கொண்டுவந்தது. கொழுந்து பறித்தவரின் பேத்திமார் தையற்பொறிக்கு முன் அமர்ந்தனர். தொழிற்சாலை கழிக்கும் வெட்டுத்துணி நிறுத்து விற்கப்படுகின்றது. அதனை வாங்கிக் கால்துடைப்பானும் போர்வையும் தைத்து விற்போர் இன்று பலர். நெய்த துணியையும் பின்னற்றுணியையும் கலந்து தைக்கலாகாது, பின்னல் இழுபட்டு மற்றதைச் சுருக்கும் என்பதை அவர்கள் பட்டறிந்துள்ளனர். இளம்பெண்கள் வெட்டுத்துணிக் குவியலின்முன் குந்தியிருந்து நிறம் நிறமாகப் பொறுக்குவதைப் பார்க்கும்போது, பொட்டணி விரித்த பழைய வாசலே என் நினைவுக்கு வரும்.

மேனாட்டுக் குளிர்காலத்து ஆடைகள் பல மாதங்களுக்கு முன்னரே தைக்கப்படும் வழக்கத்தால், அந்நாட்டுப் பண்டிகைத் துணி நம் வெயிற்காலத்தில் இங்கு வெட்டப்படுகின்றது. சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி, யான் கேட்டுக்கொண்டபடி, தன் வீட்டு ஒட்டுப் போர்வையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். அவளுடைய தமையனின் குழந்தைக்காகத் தாய் தைத்தது. அதில் வெண்பனித் துகள்களும், கிளைத்த கொம்புடைய மான்களும், சிவப்புத் தொப்பியணிந்த தாடிக் கிழவரும் வரிசை வரிசையாக இருந்தனர். நடுவில் மட்டும், மானுக்கும் பனிக்கும் இடையே, வெளுத்துச் செம்மை பாய்ந்த ஒரு மஞ்சட்டுணித் துண்டு. அஃது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "கோயில் திருவிழாவுக்கு அப்பாயி தோய்ச்சது சேர். அத நடுவுல வைக்கணும்னு அம்மாதான் எடுத்து வச்சாங்க" என்றாள். அவளுடைய சொற்களை அப்படியே பழைய பயிற்சிப் புத்தகத்திற் பன்னிரண்டாவதாக எழுதிக்கொண்டேன்.